பசிக்காத காயம்

ஸ்கேன் திரையை டாக்டர் மோனிக் இரண்டாவது தடவை உற்றுப் பார்த்தபோதே சங்கவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு தடவை பார்த்துவிட்டு, துடைத்துக்கொள்ளப் பஞ்சைக் கொடுத்தால் நல்ல சேதி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தால் வேறு சேதி. இதைத் தெரிந்துகொள்ளப் படித்திருக்க வேண்டுமா என்ன?

“குழந்தை வளராம நிக்கிறதைப் பாத்திருக்கேன்மா,” என்றார் டாக்டர். “இளைக்கிறதைப் பாத்ததில்ல. போன தடவையைவிட எடை கொறைஞ்சிருக்கு.”

நெல்லித்தோப்பில் மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கிற சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. டாக்டருடைய பிள்ளைகளெல்லாம் பாரீசில். வந்துவிடு வந்துவிடு என்று அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, ஊரார் பிள்ளைகளைக் கையில் ஏந்தியபடி இவர் இங்கேயே கிடந்தார். கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். இன்றைக்குத் திட்டவில்லை. அதுதான் சங்கவியை இன்னும் பயமுறுத்தியது.

“நல்லா சாப்பிடறியா?”

“சாப்புடறேன் டாக்டர். ஆனா முன்ன மாதிரி பசி இல்ல.”

“வேலைக்குப் போறியா?”

“பெரிய மார்க்கெட்ல மீன் வெட்டறேன்.”

டாக்டர் அவள் கைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மோன் தியூ, கடவுளே! மீன் வெட்டற கையா இது? ஒரு கீறல் இல்லியே.”

சங்கவி கைகளைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கீறல் எப்படி இருக்கும்? சின்ன வயதில் ஒருநாள் படகு ஓரத்தில் கிடந்த துருப்பிடித்த தகரத்தில் அவள் பாதம் பிளந்துபோனது. தூக்கிக்கொண்டு ஓடிவந்த அம்மா தனம், வீட்டில் இறக்கிவிட்டுப் பார்த்தால் பாதத்தில் ரத்தம் இருக்கிறது, காயத்தைக் காணோம். தனம் கதவைச் சாத்திவிட்டு மகள் வாயைப் பொத்தினாள். ஆத்தா கொடுத்த வரம் இது, வெளியே சொன்னால் கண்பட்டுப் போகும், கட்டிக்க ஒருத்தனும் வரமாட்டான் என்று அன்றைக்குச் சொன்னதுதான். அதற்குப் பிறகு சங்கவி விழுந்தாலும் சரி, வெட்டிக்கொண்டாலும் சரி, தனத்திடம் ஒரே பேச்சு: “ஒனக்கின்னா, ஆறிடும்.”

ஆறத்தான் செய்தது. ஆனால் எதைப்பற்றியும் கவலைப்படாமல் ஆறியது. உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறியபோது முள்ளை எடுப்பதற்குள் தோல் மூடிக்கொண்டது. இன்றைக்கும் பெருவிரலுக்குக் கீழே அழுத்தினால் அது நெருடும். மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அதை மறுபடி கல்லில் வைத்து முறித்தவள் பெற்ற தாய்தான். அந்தச் சத்தம் சங்கவிக்குக் கனவில் வரும்.

அதைவிடக் கொடுமை பசி. ஒவ்வொரு காயம் மூடியதும் குடலைப் பிடுங்குகிற மாதிரி ஒரு பசி வரும். பழையது, கருவாடு, பச்சை அரிசி என்று எது கிடைத்தாலும் அள்ளிப் போட்டுக்கொள்வாள். போட்டுக்கொள்ளாவிட்டால் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, செத்த பிணம் மாதிரி ஆகிவிடுவாள்.

புருஷன் நிலவனுக்கு இதெல்லாம் தெரியாது. பெண்டாட்டி வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம். கடலுக்குப் போகாத நாளில் செல்போனில் சண்டைப் படம் பார்ப்பான். அதில் ஒரு கதாநாயகன். சுட்டால் குண்டு தெறித்து வெளியே விழும், வெட்டினால் சதை தானாகக் கூடிக்கொள்ளும்.

“இந்த மாதிரி ஒரு ஒடம்பு மட்டும் இருந்துச்சி, எவனுக்கும் பயப்பட வேணாம்டி,” என்பான்.

“அப்புறம் அவன் இன்னாயா சாப்புடறான்?” என்று சங்கவி கேட்பாள்.

“சாப்பாடா? அதையெல்லாம் எவன் காட்டுவான்?” என்று சிரிப்பான் நிலவன்.

எவனும் காட்டமாட்டான். அதுதானே வயிற்றெரிச்சல்!

ஸ்கேன் முடிந்து நிலவனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது சங்கவி நேற்றைய கெளுத்தி முள்ளை நினைத்தாள். மணிக்கட்டுவரை கிழித்துவிட்டது அது. வழக்கம்போல மூடிக்கொண்டது. பசித்ததா? இல்லை. அதற்கு முந்தின நாள் அருவாமனையில் விரல் நுனி போனது. பசித்ததா? இல்லை. வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்தே அந்தப் பாழும் பசி வரவில்லை. வயிற்றுப்பிள்ளை வந்து தன்னை விடுவித்தது என்று எத்தனை சந்தோஷப்பட்டிருக்கிறாள்! பசி இல்லாத தைரியத்தில் முன்னைவிட வேகமாக வெட்டினாள். கையுறை கொடுத்தார்கள், எடுத்து மூலையில் போட்டாள். மார்க்கெட்டில் அவளிடம்தான் கூட்டம் நின்றது.

பசி போய்விட்டதா, இடம் மாறிவிட்டதா?

வீராம்பட்டினத்தில் வீட்டு வாசலில் இறங்கும்போது இந்த யோசனையில் காலைக் கவனிக்கவில்லை. கெண்டைக்கால் சைலென்சரில் பட்டுவிட்டது. சுரீர் என்றது. தோல் கொப்புளித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கி, பழைய தோலாகிவிட்டது. அதே நொடியில் வயிற்றுக்குள் பிள்ளை துடித்தது. உதைக்கிற துடிப்பல்ல அது. யாரோ கையைப் பிடித்து முறுக்கினால் திமிறுகிற துடிப்பு. பிறகு அசைவே இல்லை.

சங்கவி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடி? மயக்கமா?” என்று நிலவன் ஓடிவந்தான்.

“ஒண்ணுமில்ல. நீ போ. தண்ணி எடுத்தா.”

அவன் தண்ணீர் கொண்டுவந்து, அவள் குடித்து, உள்ளே போய்ப் படுத்து, வெகுநேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த பிறகுதான் பிள்ளை மெல்ல அசைந்தது. அதுவரைக்கும் அவளுக்கு உயிர் இல்லை. தின்றிருக்கிறாள். மாதக்கணக்காக, சிரித்துப் பேசிக்கொண்டே, தன் பிள்ளையைத் துளித்துளியாகத் தின்றிருக்கிறாள். வாந்தி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அருவாமனையைத் தூக்கிப் பரணில் போட்டாள். நகத்தை ஒட்ட வெட்டப் பயந்து சுவரில் தேய்த்தாள். கட்டில் முனைக்கெல்லாம் பழைய துணியைச் சுற்றினாள். சாதம் வடிக்க நிலவனைக் கூப்பிட்டாள். “மகாராணிக்குப் பிரசவம்னா ஊரே நிக்கணும்போல,” என்று அவன் கேலி செய்துகொண்டே வடித்தான். கொசு கடித்தால்கூட அவளுக்குத் திக்கென்றது. அந்தப் புள்ளி அளவு கடிக்கு உள்ளே எவ்வளவு போகும்? யாரைக் கேட்பது?

அம்மாவைத்தான் கேட்டாள். தனம் நம்பவில்லை.

“ஆத்தா குடுத்ததுடி அது. ஆத்தாவே புள்ளையத் தின்னுவாளா? வாயக் கழுவு.”

“எனக்குப் பசி வரலம்மா. புரியுதா ஒனக்கு? பசி வரல!”

“வராட்டி நல்லதுதான? டாக்டரு ஆயிரம் சொல்லும். மாப்புளகிட்ட ஒளறி வெக்காத. பேயி புடிச்சவன்னு கொண்டாந்து உட்டுட்டுப் போயிடுவான்.”

அந்தப் பயமும் இல்லாமல் இல்லை. சங்கவி வாயை மூடிக்கொண்டாள். மூடியதுதான் தப்பு. சொல்லியிருந்தால் வளைகாப்பாவது நின்றிருக்கும்.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். சங்கவி மாமியார் கன்னியம்மாளிடம் போய், கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக்கோ பித்தளையோ போடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

கன்னியம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “பித்தள வளையலா? நல்லா கேட்ட போ! கண்ணாடி சத்தம் கேட்டாதான் உள்ள இருக்கறது சிரிக்கும். இன்னாத்துக்கு இப்புடிப் பயப்படற நீ?”



வளையல் கொண்டுவருவது தாய்வீட்டுக் கடமை. தனம் பச்சையும் சிவப்புமாக அடுக்கடுக்காக வாங்கி வந்தாள். கல்யாணத்துக்கு வாங்கிய அதே அளவு. மகள் கை அளவு தாய்க்குத் தெரியாதா என்று கடைக்காரனிடம் பெருமை வேறு பேசியிருக்கிறாள். இப்போது அந்தக் கை நீர் கோத்து வீங்கிக் கிடக்கிறது என்பதை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

தெருப் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். சந்தனமும் புளியோதரையும் மணந்தன. சங்கவியை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். கன்னியம்மாள் முதல் வளையலை எடுத்து, அவள் விரல்களைக் குவித்துப் பிடித்து அழுத்தினாள். வளையல் கணுவில் சிக்கி நின்றது.

“சின்னதா இருக்கு அத்த. வேணாம் அத்த.”

“கையத் தளர்த்தி உடு. எண்ணெ எடுத்தாங்கடி.”

“வேணாம்னு சொல்றேன்ல!”

பட்டென்று உடைந்தது.

வளைகாப்பில் முதல் வளையல் உடைந்தால் சும்மா இருப்பார்களா? கூடியிருந்த முகமெல்லாம் மாறிவிட்டது. அபசகுனம் மனதில் தங்குவதற்குள் அடுத்ததைப் போட்டுவிட வேண்டும். தனமே பாய்ந்து வந்தாள். மகள் கண்ணில் இருந்த பீதியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்: “ஒண்ணுமில்லடி. ஒனக்கின்னா, ஆறிடும்.”

சொல்லிக்கொண்டே பச்சை வளையலைத் திருகி அழுத்தினாள். கையை இழுத்தாள் சங்கவி. அம்மா விடவில்லை. அதுவும் நொறுங்கி, சில்லு மணிக்கட்டில் ஆழமாக இறங்கியது. ரத்தம் பட்டுப்புடவையில் கொட்டியது. பெண்கள் கத்தினார்கள். அவர்கள் கத்தி முடிப்பதற்குள் ரத்தம் நின்றது. காயத்தின் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தேடிவந்து ஒட்டிக்கொண்டன. தோலுக்கு அடியில் பச்சைச் சில்லு மங்கலாகத் தெரிந்தது.

வயிற்றுக்குள் பிள்ளை ஒரு முறை புரண்டது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

“அசையல,” என்றாள் சங்கவி. பிறகு அலறினாள். “அசையலம்மா! தின்னுட்டேம்மா! நீதாம்மா கைய புடிச்ச!”

தனம் கையில் மிச்ச வளையலோடு அப்படியே நின்றாள்.

ஆட்டோவில் நெல்லித்தோப்புக்குப் போகிற வழியெல்லாம் சங்கவி நிலவனிடம் சொன்னாள். தகரம், தூண்டில் முள், முறித்த கை, பசி, எல்லாம். பாதி புரிந்தது, பாதி அழுகையில் போய்விட்டது. நிலவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். சில்லைத் தடவினான். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு ஆட்டோவின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

முடிந்தது, அம்மா சொன்னது சரிதான், விட்டுவிட்டுப் போகப்போகிறான் என்று சங்கவிக்குத் தோன்றியது. அதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஓர் அசைவுக்காகக் காத்திருந்தாள்.

டாக்டர் மோனிக் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். துடிப்பு இருந்தது. ஆனால் நடந்து களைத்தவன் மாதிரி நின்று நின்று துடித்தது.

“உடனே எடுக்கணும். தியேட்டர் ரெடி பண்ணு சிவசங்கரி,” என்று நர்சிடம் சொன்னார்.

“அறுக்காதீங்க டாக்டர்!” என்று சங்கவி அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். “அறுத்தா என் ஒடம்பு மூடும். மூடறதுக்கு அதைத்தான் எடுக்கும். கொஞ்சநஞ்சம் இருக்கறதையும் எடுத்துடும்.”

டாக்டருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சங்கவி மணிக்கட்டை நீட்டினாள். கீறல்கூட இல்லாத தோலுக்கடியில் கண்ணாடி. டாக்டர் அதை விரலால் நகர்த்திப் பார்த்தார். புடவையில் காயாத ரத்தத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். டாக்டருக்கே விளங்காவிட்டால் மனுஷி யாரை நம்புவது?

“இங்க பாரும்மா,” என்றார் கடைசியில். “அறுக்காட்டி சாயங்காலம் வரைக்கும் அது தாங்காது. அறுத்தா ஒரு வழி இருக்கு. உன்கிட்டேயிருந்து அதுக்குப் போறதும், அதுகிட்டேயிருந்து உனக்கு வர்றதும் ஒரே கொடிதான். உன் உடம்பு முந்தறதுக்குள்ள அந்தக் கொடிய நான் வெட்டணும். ரெண்டு கையிலயும் குளுக்கோஸ் ஏத்தறேன். திங்கறதா இருந்தா அதைத் தின்னட்டும்.”

முதுகில் ஊசி போட்டார்கள். கால் மரத்தது, இடுப்பு மரத்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கால் விரல்கள் மறுபடி விழித்துக்கொண்டன. மருந்தையும் ஒரு காயம் என்றே நினைத்ததோ என்னவோ, பாழாய்ப்போன உடம்பு அதையும் ஆற்றிக்கொண்டிருந்தது.

“மரத்துடுச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

இல்லையென்று சொன்னால் காத்திருப்பார். மறுபடி ஊசி, மறுபடி நேரம். பக்கத்தில் துடிப்பு காட்டுகிற மிஷின் இன்னும் மெதுவாக ஒலித்தது.

“மரத்துடுச்சி,” என்றாள் சங்கவி.

பொய்தான். இப்படி ஒரு பொய்யை எந்தச் சாமி குறைசொல்லும்?

கத்தி இறங்கியது. சங்கவி தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வஞ்சிரத்தை வகிர்ந்த கை அது, வகிர்வது எப்படி இருக்கும் என்று அதற்கு இப்போது தெரிந்தது. கத்த வாய் திறந்தது. கத்தினால் டாக்டர் நிறுத்திவிடுவார். முந்தானை இல்லை, துணி இல்லை, தன் உதட்டையே கடித்துக்கொண்டாள். கடித்த உதடும் ஆறியது. ஐயோ, அதற்கும் பிள்ளையிடம்தானே எடுக்கும்! சட்டென்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து காதுக்குள் நீர் வழிந்தது.

“டாக்டர், மூடிக்கிட்டு வருது!” என்று சிவசங்கரி குரல் உடைந்தது.

“பிடி! அந்தக் கொக்கியப் போட்டு இழுத்துப் பிடி. விடாத!”

“கொக்கி மேலயே ஒட்டுது டாக்டர்!”

“ஒட்டட்டும். பிடி!”

டாக்டரின் கை உள்ளே போனது. அந்தக் கையைச் சுற்றித் தன் சதை இறுகுவதைச் சங்கவி உணர்ந்தாள். வாசலைச் சாத்துகிற மாதிரி, பிள்ளையை உள்ளேயே வைத்துச் சாத்தப் பார்த்தது அவள் உடம்பு. மிஷின் சத்தம் ஒன்று கேட்டது. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று.

என்னைத் தின்னு, என்று சங்கவி தன் உடம்பிடம் சொன்னாள். நாயே, என்னைத் தின்னேன். எங்கிட்ட இல்லாத சதையா? அதை உடு.

டாக்டர் பிரெஞ்சில் ஏதோ கத்தினார். வயிற்றிலிருந்து எதையோ பிடுங்கினாற்போல் இருந்தது. “கத்திரி! கத்திரி குடு!” என்று கேட்டது. நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

அப்போது வந்தது பசி.

குடலைச் சுருட்டிப் பிடித்து இழுக்கிற பசி. மாதக்கணக்காக வராத பசியெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்து அவள்மேல் விழுந்தது. கன்னம் உள்வாங்கியது. கையில் இருந்த வீக்கம் வற்றி எலும்பு தெரிந்தது. குளுக்கோஸ் பாட்டில் தண்ணீர் மாதிரி இறங்கியது, போதவில்லை. சிவசங்கரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். போகமாட்டாளா? மேசையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் சிரித்துக்கொண்டல்லவா இருந்தாள்!

“பசிக்குது,” என்றாள் சங்கவி. “டாக்டர், எனக்குப் பசிக்குது!”

அறையின் மூலையிலிருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

ஆபரேஷன் ஆனவளுக்குச் சோறு கொடுக்கக் கூடாது என்று சிவசங்கரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எந்த ஆபரேஷன்? வயிற்றில் கோடுகூட இல்லை. கொக்கியைத்தான் சதையிலிருந்து பிரித்தெடுக்கப் பெரும்பாடு பட்டார்கள். வார்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் நிலவன் நின்றான். ஆட்டோவை வீட்டுக்குத் திருப்பி, வளைகாப்புச் சோற்றை அண்டாவோடு தூக்கி வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஓடவில்லை. புளியோதரையை உருட்டி அவள் வாயில் வைத்தான்.

“பசிக்கும்னு சொன்னியே,” என்றான். அடுத்த உருண்டையை உருட்டினான். வாசலுக்கு வெளியே தனம் தரையில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரவில்லை.

சங்கவி தின்றுகொண்டே இருந்தாள். கண் மட்டும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த மகள்மேல் இருந்தது. ஒரு கை அகலம்தான் இருப்பாள். ஆனால் மூச்சு விட்டாள். பயம் தீர்ந்ததா என்றால், தீரவில்லை. இன்னொரு பயம் இத்தனை நேரம் வரிசையில் நின்றிருக்கிறது. மகளுக்குத் தன் மூக்கு வந்திருக்கிறது, தன் நெற்றி வந்திருக்கிறது. வேறு என்ன வந்திருக்கிறதோ?

சிவசங்கரி ஊசியோடு வந்தாள். “சக்கரை பாக்கணும். குதிகால்ல ஒரு குத்து, அவ்ளோதான்.”

சங்கவியின் வாயில் சோறு அப்படியே நின்றது. எழுந்து பெட்டியருகே போனாள். அந்தச் சின்னக் குதிகாலில் ஊசி பட்டது. பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதது. சிவப்பாக ஒரு பொட்டு ரத்தம் எழும்பியது. சங்கவி மூச்சு விடவில்லை. பொட்டு பெரிதாகி, உடைந்து, பாதத்தில் வழிந்தது. சிவசங்கரி துடைத்தாள். மறுபடி கசிந்தது.

“இன்னா இது, நிக்கல?” என்று நிலவன் பதறினான். “பஞ்ச வெச்சி அழுத்துங்க!”

“அழுத்தலாம், இரு,” என்றாள் சங்கவி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”

வழிந்த ரத்தத்தைத் தன் விரல் நுனியில் தொட்டுக்கொண்டாள். பிறகுதான் பஞ்சை வாங்கி, மகளின் குதிகாலில் வைத்து, மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.